அண்ணாச்சி, ஃபைல் வந்து சேரலை!

போன மாதம் இந்தப் பகுதியில் மெயின்ஃப்ரேம் என்ற பெரிய அலுவலகக் கம்ப்யூட்டரின் பழைய பச்சை எழுத்துத் திரையைப் பற்றி நாலு வரி எழுதப்போக, கடிதமும் மின்னஞ்சலுமாக வந்து குவிந்துவிட்டது. பாளையங்கோட்டையில் தார்சாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பழைய மெயின்ஃப்ரேம்காரனுக்கு இந்தச் சீமையில் இத்தனை சொக்காரர்கள் இருப்பது இப்போதுதான் தெரிகிறது. “பெயர் போட வேண்டாம் அண்ணாச்சி, எங்கள் மேனேஜரும் இந்தப் பத்திரிகை படிப்பார்” என்று பாதிப் பேர் கேட்டிருக்கிறார்கள். அதனால் எல்லோருக்கும் ஊர்ப் பெயர் மட்டும்.

மெயின்ஃப்ரேமுக்கும் மேசைக் கம்ப்யூட்டருக்கும் நடுவில் ஃபைல் போய்வருவதில்தான் தகராறு. ஏறக்குறைய எல்லோருமே “லைன் சரியில்லை” என்று எழுதியிருக்கிறார்கள். குற்றாலத்தில் சாரல் விழுந்தால் இங்கே நெட் படுத்துவிடுகிறது, அதனால்தான் ஃபைல் கெடுகிறது என்றுகூட ஒருவர். கடிதங்களை மூன்று முறை படித்துவிட்டேன். ஒன்றில்கூட லைன் மேல் குற்றம் இல்லை.

கங்கைகொண்டான் வாசகர்: அண்ணாச்சி, ஐடி பார்க்கில் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. மெயின்ஃப்ரேமிலிருந்து கஸ்டமர் லிஸ்டை இறக்கி நோட்பேடில் திறந்தால் மொத்தமும் ஒரே வரி. எழுத்துக்கெல்லாம் கொம்பு முளைத்திருக்கிறது. இடையிடையே @@@@ என்று ஓடுகிறது. வி.பி.என். அடிக்கடி அறுந்துபோவதால் ஃபைல் கெட்டுவிட்டது என்கிறார் சீனியர். மூன்று முறை இறக்கியும் அப்படியேதான் இருக்கிறது.

மூன்று முறையும் அப்படியே என்கிறீர்களே தம்பி, பதில் அதிலேயே இருக்கிறது. லைன் கெடுத்திருந்தால் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் அல்லவா கெட்டிருக்கும்? உங்கள் ஃபைல் முழுசாக, ஒரு பைட் குறையாமல் வந்து சேர்ந்திருக்கிறது. அதை வாசிக்கத்தான் உங்கள் கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை.

ஐபிஎம் 1964இல் சிஸ்டம்/360 கொண்டுவந்தபோது எழுத்துகளுக்கு எப்சிடிக் என்று தனியாக ஓர் எண் வரிசை வைத்தது. உங்கள் மேசைக் கம்ப்யூட்டர் ஆஸ்கி என்ற வேறொரு எண் வரிசையின் வழி வந்தது. நெல்லை என்பதை ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஆறு எழுத்தாக எழுதினால் மெயின்ஃப்ரேமில் அது டி5 சி5 டி3 டி3 சி1 சி9 (இந்தக் கணக்கில் 9க்கு அடுத்து ஏ முதல் எஃப் வரை எழுத்துகளும் இலக்கம்தான்; இரண்டு இலக்கம் ஒரு பைட்). அதே ஆறு எழுத்து உங்கள் கம்ப்யூட்டரில் 4இ 45 4சி 4சி 41 49. டி5, சி5 எல்லாம் விண்டோஸுக்குக் கொம்பு வைத்த ஐரோப்பிய எழுத்துகள். அதைத்தான் பார்க்கிறீர்கள்.

அந்த @ எங்கிருந்து வந்தது? எப்சிடிக்கில் வெற்றிடத்தின் எண் 40. ஆஸ்கியில் 40 என்றால் @. பெயர் ஃபீல்டு 30 இடம், பெயரோ எட்டு எழுத்து என்றால், மிச்சம் 22 வெற்றிடமும் @ ஆக வரிசை கட்டி நிற்கும். ஒரு ஃபைலைத் திறந்ததும் இப்படி @ கூட்டம் தெரிந்தால் அதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம், எழுத்து மாற்றாமல் பைனரியில் இறக்கியிருக்கிறீர்கள்.

ஒரே வரியாக இருப்பதற்கும் அதுதான் காரணம். மெயின்ஃப்ரேமில் வரி முடிந்தது என்று குறி வைக்கும் வழக்கம் கிடையாது. ஒரு ரெகார்டின், அதாவது ஒரு பதிவின், நீளம் 80 என்றால் 80, 80ஆக எண்ணி வெட்டிக்கொள்ளும். அந்த 80 பழைய துளையட்டையில் இருந்த 80 பத்தியின் மிச்சம். உங்கள் பக்கம்தான் ஒவ்வொரு வரிக்கும் 0டி 0ஏ என்ற இரண்டு பைட் வால் வேண்டும். எமுலேட்டரில் (பச்சைத் திரையை உங்கள் கம்ப்யூட்டரில் காட்டும் மென்பொருள்) டெக்ஸ்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். கட்டளையாகக் கொடுப்பவர் என்றால் ஆஸ்கி, சிஆர்எல்எஃப் இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள். எழுத்தும் மாறும், வரியும் உடையும்.

சீனியரை எதிர்த்துப் பேச வேண்டாம். கெட்டுப்போனதாகச் சொல்லும் அந்த ஃபைலின் அளவை ரெகார்டு நீளத்தால் வகுத்து, மீதி பூஜ்யம் என்று காட்டுங்கள். பாதியில் அறுந்த ஃபைல் அவ்வளவு மட்டமாக வகுபடுவது அபூர்வம்.

அம்பாசமுத்திரம் வாசகி: அண்ணாச்சி, நான் டெக்ஸ்டாகத்தான் இறக்கினேன். பெயர், முகவரி எல்லாம் அழகாக வருகிறது. தொகை இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் கட்டம் கட்டமாக ஏதோ கிடக்கிறது. அதைவிட ஆச்சரியம், மெயின்ஃப்ரேமில் 18,420 ரெகார்டு, என்னிடம் 18,533 வரி! எங்கிருந்து வந்தது இந்த 113 வரி? காப்பிபுக்கில் (ரெகார்டில் எந்த ஃபீல்டு எங்கே என்று சொல்லும் பட்டியல்) அந்த ஃபீல்டு காம்ப்-3 என்று போட்டிருக்கிறது.

வந்த கடிதங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான் தங்கச்சி. வரியை எண்ணிப் பார்த்து எழுதியவர் நீங்கள் ஒருவர்தான்.

காம்ப்-3 என்பது பேக்டு டெசிமல். கோபால் என்ற நிரல் மொழியில் எழுதியவர்களுக்குத் தெரியும். (எதிர்த்த வீட்டுக் கோபால் இல்லை, தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோல வந்து தொலைக்கிறது.) ஒரு பைட்டில் இரண்டு இலக்கத்தை அடைத்து, கடைசி அரை பைட்டில் கூட்டலா கழித்தலா என்று குறி வைப்பார்கள். சி என்றால் கூட்டல், டி என்றால் கழித்தல். ஏழு இலக்கத் தொகை நாலு பைட்டில் அடங்கிவிடும். வட்டு விலை யானை விலை விற்ற காலத்தில் அது பெரிய சிக்கனம்.

இப்போது 1250 ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். பைசாவோடு சேர்த்து 01250.00. பேக் செய்தால் 01 25 00 0சி. நீங்கள் டெக்ஸ்ட் என்று சொல்லிவிட்டதால், மாற்றும் நிரல் அந்த நாலு பைட்டையும் எழுத்து என்று நம்பிவிடுகிறது. எப்சிடிக்கில் 25 என்பது அடுத்த வரிக்குப் போகச் சொல்லும் குறி. கர்மசிரத்தையாக அதை ஆஸ்கியின் 0ஏ ஆக மாற்றித் தருகிறது. உங்கள் கம்ப்யூட்டர் 0ஏவைப் பார்த்ததும் வரியை அங்கேயே ஒடித்துவிடுகிறது. அந்த 113 வரியும் ஒடிந்த வரிகள்தான்.

உங்கள் ஒடிந்த வரிகளை எடுத்து மெயின்ஃப்ரேமில் அதே ஆட்களின் தொகையைப் பாருங்கள். 250, 1250, 3257 போல நூறும் பத்தும் சேர்ந்து 25 ஆன தொகையாக இருக்கும். இல்லையென்றால் 732.50 போல ரூபாயின் கடைசி 2, பைசாவின் முதல் 5 சேர்ந்ததாக இருக்கும். இருபத்தையாயிரத்துச் சொச்சம் உள்ளவர்களும் சிக்குவார்கள். சில இடங்களில் மாற்று அட்டவணை வேறாக இருக்கும். அங்கே 25க்குப் பதில் 15 இந்த வேலையைச் செய்யும். அப்படியானால் 1150 ரூபாய்க்காரர் ஒடிவார்.

முழு ஃபைலையும் பைனரியில் இறக்கலாமே என்று தோன்றும். அப்போது தொகை பத்திரமாக வரும், பெயரெல்லாம் கொம்பு முளைத்துவிடும், கங்கைகொண்டான் தம்பி பாடுதான். காப்பிபுக்கைப் படித்து ஃபீல்டு ஃபீல்டாக மாற்றித் தரும் கருவி உங்கள் அலுவலகத்தில் இருந்தால் பைனரி சரி. இல்லையென்றால் இறக்கும் முன்பே மெயின்ஃப்ரேமில் ஒரு சார்ட் ஜாப் (ஃபைலை வரிசைப்படுத்தி, உருமாற்றியும் தரும் வேலை) ஓட்டி, பேக்டு தொகையை நேரடி இலக்கமாக விரித்து, புள்ளியும் கழித்தல் குறியும் தனியாகத் தெரியும்படி வேறு ஃபைலில் எழுதிவிடுங்கள். அதன் அவுட்ரெக் கட்டளையில் எடிட் கொடுத்தால் இரண்டு வரி வேலை. பிறகு டெக்ஸ்டாக இறக்கலாம்.

குறியைத் தனியாக வையுங்கள் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வெறுமனே விரித்தால் கழித்தல் 123.45 என்பது 001234 என்று வந்து கடைசியில் ‘என்’ என்ற ஆங்கில எழுத்து நிற்கும். 5ம் கழித்தலும் சேர்ந்து ஒரே பைட்டில் உட்கார்ந்தால் அந்த எழுத்து. கடைசி இலக்கம் பூஜ்யமாக இருந்தால் } வரும். இதைப் பிழை என்று நினைத்து ‘என்’னை எல்லாம் அழித்துவிட்டு, கடன்காரர்களை வரவு வைத்தவர்களாக்கிய ஒரு புண்ணியவானை எனக்குத் தெரியும்.

சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. 1999, தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு. சென்னையில் வேலை, வெளிநாட்டுக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் பிரீமியம் ஃபைல் என் கையில். நெல்லை எக்ஸ்பிரஸ் டிக்கெட் சட்டைப் பையில். நாலு முகவரி திருத்த வேண்டும் என்றார்கள். பச்சைத் திரையில் உட்கார்ந்து திருத்த எனக்குச் சோம்பல். டெக்ஸ்டாகக் கம்ப்யூட்டருக்கு இறக்கி, நாலு முகவரியையும் திருத்தி, டெக்ஸ்டாகவே ஏற்றிவிட்டுப் பையைத் தூக்கினேன். வாசல் தாண்டவில்லை, ஆபரேட்டர் கூப்பிட்டார்: “சார், சாக் செவன்.”

எஸ்0சி7 என்ற அபெண்ட்டை, அதாவது ஜாப் பாதியில் செத்து விழுவதை, அந்தத் தொழிலில் அப்படித்தான் சொல்வோம். எண் இருக்க வேண்டிய இடத்தில் எண் இல்லை என்று பொருள். 01 25 00 0சி போன இடத்தில் 25 கிடக்காமல் வேறேதோ கிடந்தால் கூட்டல் கணக்கு எப்படி நடக்கும்? அதுகூடப் பரவாயில்லை, ஜாப் நின்றுவிட்டது, தெரிந்துவிட்டது. வேறு சில தொகைகள் தற்செயலாக வேறு இலக்கங்களாக மாறி, வாயைத் திறக்காமல் உள்ளே போயிருந்தன. அவற்றைத் தேடித்தான் விடிந்தது. முந்தின நாள் பேக்கப்பிலிருந்து ஃபைலைத் திரும்ப எடுத்து, அந்த நாலு முகவரியையும் பச்சைத் திரையிலேயே ஒவ்வொன்றாகத் தட்டினேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ரயில் போய்விட்டது. மறுநாள் பஸ்ஸில் கடைசி ஸீட்டில் துள்ளித் துள்ளி ஊர் வந்து சேர்ந்தேன். அம்மா, “வெள்ளனே வந்திருக்கக் கூடாதாடே?” என்றாள். அவளிடம் பேக்டு டெசிமலையா விளக்குவது?

கல்லிடைக்குறிச்சி வாசகி: அண்ணாச்சி, வீட்டிலிருந்து வேலை. ஃபைல் அனுப்பும் எஃப்டிபியில் லாகின் உடனே ஆகிறது. பாஸ்வேர்டு சரி என்கிறது. ஆனால் ஃபைல் பட்டியல் கேட்டு ‘டிர்’ அடித்தால் அப்படியே உறைந்துவிடுகிறது. கடைசியில் டேட்டா இணைப்பைத் திறக்க முடியவில்லை என்று 425 வருகிறது. அலுவலகத்தில் இருந்தபோது இந்தத் தொல்லை இல்லை.

எஃப்டிபி ஒன்று இல்லை, இரண்டு இணைப்பு. 21ஆம் போர்ட்டில் பேச்சு மட்டும் நடக்கும். சரக்கு வேறு இணைப்பில் வரும். பழைய முறையில் அந்த இரண்டாவது இணைப்பை சர்வர்தான் உங்களை நோக்கித் திறக்கும். “இந்த முகவரிக்கு வா” என்று உங்கள் கம்ப்யூட்டர் தன் முகவரியைச் சொல்லி அனுப்பும்.

இங்கேதான் சங்கடம். உங்கள் ஊர் வளவு வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே எட்டு வீடு, தெருவுக்கு ஒரே வாசல், ஒரே கதவு எண். உங்கள் வீட்டு ரவுட்டரும் அப்படித்தான். 192.168 என்று தொடங்கும் உங்கள் முகவரி வளவுக்குள் மட்டும் செல்லும். “மூன்றாவது வீட்டுக்கு வா” என்று வெளியூர்க்காரனிடம் சொன்னால் அவன் எந்தத் தெருவில் தேடுவான்? வாசல் வரை வந்தாலும், யார் இவன் என்று ரவுட்டர் உள்ளே விடாது. அலுவலகத்தில் இதற்கெல்லாம் வழி செய்து வைத்திருப்பார்கள்.

பாசிவ் முறைக்கு மாற்றுங்கள். அதில் இரண்டாவது இணைப்பையும் நீங்களே உள்ளிருந்து வெளியே திறப்பீர்கள், தடை இருக்காது. ஆனால் விண்டோஸோடு வரும் கறுப்புத் திரை எஃப்டிபி பாசிவில் வேலை செய்யாது. அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஃபைல்ஜில்லாவோ வின்எஸ்சிபியோ அலுவலகம் அனுமதிக்கும் ஏதோ ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். யாரும் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்பும் எஃப்டிபி என்றால் பாசிவ் கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளலாம். சில ரவுட்டர்கள் பேச்சை ஒட்டுக்கேட்டு முகவரியைத் திருத்தி உதவி செய்யும்; பேச்சே பூட்டியிருந்தால் அவற்றால் ஒட்டுக்கேட்க முடியாது.

தென்காசி வாசகர்: ஏற்றியாயிற்று, வெற்றி என்று செய்தியும் வந்தது. மெயின்ஃப்ரேமில் போய்ப் பார்த்தால் அந்தப் பெயரில் ஃபைலே இல்லை அண்ணாச்சி!

இருக்கிறது. உங்கள் யூசர் ஐடியை முன்னால் ஒட்டித் தேடுங்கள். பெயரை ஒற்றை மேற்கோளுக்குள் போடவில்லை என்றால் மெயின்ஃப்ரேம் அதை உங்கள் சொந்தச் சரக்கு என்று எடுத்துக்கொண்டு ஐடியைத் தலையில் சேர்த்துவிடும். முழுப் பெயரையும் மேற்கோளுக்குள் கொடுங்கள். புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவில் எட்டு எழுத்துக்கு மேல் போகக்கூடாது, மொத்தம் 44ஐத் தாண்டக்கூடாது.

திசையன்விளை வாசகர்: ஐயா, எங்கள் வாடிக்கையாளர் இப்போது பெயரையும் ஊரையும் தமிழிலும் வைக்கச் சொல்கிறார். ஊர்ப் பெயருக்கு 25 இடம். எந்த ஊரும் 25 எழுத்து வராது என்று தைரியமாக இருந்தேன். ஏற்றிப் பார்த்தால் திருநெல்வேலி ‘திருநெல்’ என்று நிற்கிறது, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி வேறு.

வாருங்கள், எண்ணிப் பார்ப்போம். தி, ரு, நெ, ல், வே, லி. நமக்கு ஆறு எழுத்து. யூனிகோடுக்கு அப்படி இல்லை. த தனி, இகரக் குறி தனி, ர தனி, உகரக் குறி தனி, புள்ளிகூடத் தனி. ஆக 12. யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். 12 மூன்று 36. உங்கள் 25 இடம் என்பது 25 பைட். எட்டுக் குறி 24 பைட்டில் உட்கார்ந்தது: திருநெல். மிச்சம் இருந்த ஒரு பைட்டில் ‘வ’வின் முதல் மூன்றில் ஒரு பங்கு மட்டும் நுழைந்தது. தலை மட்டும் வந்த அந்த ‘வ’தான் உங்கள் கேள்விக்குறி.

தூத்துக்குடிக்காரர்கள் சிரிக்க வேண்டாம், அதுவும் 36தான். ‘தூத்துக்’ என்று நின்றுவிடும். பாளையங்கோட்டை 39. தென்காசி மட்டும் 24 பைட்டில் தப்பித்துக்கொண்டது. உங்கள் சோதனை ஃபைலில் தென்காசி ஆட்களாக மட்டும் போட்டிருந்தால் எல்லாம் சரி என்று கையெழுத்தே போட்டிருப்பீர்கள்.

தமிழ் ஃபீல்டுக்கு இடம் ஒதுக்கும்போது நம் கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணாதீர்கள். குறிகளை எண்ணி மூன்றால் பெருக்குங்கள். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் மெயின்ஃப்ரேம் வெட்டும் வரை விடாமல், உங்கள் பக்கமே எழுத்து முடியும் இடத்தில் வெட்டி அனுப்புங்கள்.

அனுப்பும்போது இன்னொன்று. தமிழ் உள்ள ஃபைலைச் சாதாரண எப்சிடிக் டெக்ஸ்டாக மாற்றி ஏற்றவே கூடாது. அந்த அட்டவணைகளில் தமிழுக்கு இடமே இல்லை. நம் ₹ குறிக்கும் இல்லை, அது 2010இல் வந்த பிள்ளை. ஏற்கெனவே யாரோ மாற்றிவிட்டார்கள் என்றால் இறக்கிப் பாருங்கள். தலையில் கோடு கிழித்த சின்ன ‘ஏ’, வட்டத்துக்குள் ‘ஆர்’ என்று மாறி மாறி ஓடினால் பயப்பட வேண்டாம். பைட்டுகளை ஒற்றை ஒற்றையாக ஐரோப்பிய எழுத்தென்று வாசித்திருக்கிறார்கள். போன வழியே திருப்பி வந்தால் தமிழ் கிடைத்துவிடும். வெறும் கேள்விக்குறியாகவோ கட்டமாகவோ மட்டும் இருந்தால் அங்கே தமிழ் இல்லை, மூல ஃபைலைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

மேலப்பாளையம் வாசகர்: எங்கள் கடையில் விண்டோஸுக்கு முந்தின டாஸ் காலத்துப் பழைய நிரல் ஒன்று இன்னும் ஓடுகிறது அண்ணாச்சி. தலைமை அலுவலக மெயின்ஃப்ரேம் ஃபைலை அது பாதிவரை படித்துவிட்டு முடிந்தது என்கிறது. நோட்பேடில் பார்த்தால் முழு ஃபைலும் இருக்கிறது.

நின்ற இடத்தில் 1ஏ என்று ஒரு பைட் இருக்கும். எப்சிடிக்கில் ‘இந்த எழுத்து எனக்குத் தெரியாது’ என்பதற்கு 3எஃப் என்று ஒரு குறி வைப்பார்கள். அது ஆஸ்கிக்கு வரும்போது 1ஏ ஆகும். ஆனால் டாஸ் காலத்து நிரல்களுக்கு 1ஏ என்றால் ஃபைல் முடிந்தது என்று பொருள். டாஸுக்கும் முந்தின சிபி/எம், ஃபைல் அளவை 128 பைட் கட்டுகளாக மட்டுமே வைத்திருந்தது; கடைசிக் கட்டில் எதுவரை சரக்கு என்று காட்ட இந்தக் குறியைப் போட்டார்கள். அந்தப் பழக்கம் உங்கள் கடை வரை வந்திருக்கிறது. 1ஏவை வெற்றிடமாக மாற்றிவிட்டுப் படிக்கவிடுங்கள். அப்படியே மூலத்தில் அந்த இடத்தில் என்ன எழுத்து இருந்தது என்று தலைமை அலுவலகத்தில் கேளுங்கள். எவராவது விலைப் பட்டியலில் ₹ அடித்திருப்பார்.

சங்கரன்கோவில் வாசகர்: கணக்கு எண்களின் முன்னால் இருந்த பூஜ்யங்கள் எல்லாம் வழியில் உதிர்ந்துவிட்டன. 16 இலக்க எண்களில் கடைசி இலக்கமும் பூஜ்யமாகிவிட்டது.

வழியில் எதுவும் உதிரவில்லை. நடுவில் எக்ஸெலில் திறந்து ‘சேவ்’ அழுத்தியிருக்கிறீர்கள். இல்லை என்று சொல்லாதீர்கள். எக்ஸெல் எண்ணை 15 இலக்கம் வரைதான் நினைவு வைக்கும். பதினாறாவதைப் பூஜ்யமாக்கிவிடும், முன்னால் உள்ள பூஜ்யத்தையும் மதிக்காது. சிஎஸ்வி ஃபைலை இரட்டைச் சொடுக்கில் திறக்காமல், டேட்டா மெனு வழியாக உள்ளே எடுத்து அந்தப் பத்தியை டெக்ஸ்ட் என்று குறியுங்கள். பார்க்க மட்டும்தான் வேண்டும் என்றால் நோட்பேட் போதும்.

பேட்டை வாசகர்: அண்ணாச்சி, லினக்ஸிலிருந்து ஏற்றிய ஃபைலும் பழைய ஃபைலும் திரையில் அச்சு அசல் ஒன்று. ஒப்பிடும் ஜாப் மட்டும் ஒவ்வொரு ரெகார்டும் வேறு என்கிறது. கோட்டி பிடித்துவிடும்போல இருக்கிறது.

கோட்டி பிடிக்க வேண்டாம் மருமகனே. மெயின்ஃப்ரேமில் ஃபைலைத் திறந்து கட்டளை வரியில் ‘ஹெக்ஸ் ஆன்’ என்று அடியுங்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே அதன் எண் இரண்டு மாடியாகத் தெரியும். ‘ஏ’வுக்குக் கீழே சி, அதற்குக் கீழே 1. அப்படியே வரியின் கடைசி எழுத்துக்கு அடுத்த இடத்துக்குப் போங்கள். திரையில் அங்கே ஒன்றும் இருக்காது. அடியில் மேல்மாடியில் 0, கீழ்மாடியில் டி இருந்தால் ஆள் சிக்கிவிட்டான்.

அந்த ஃபைல் விண்டோஸில் பிறந்து லினக்ஸுக்கு வந்திருக்கும். அதன் வரிகளில் 0டி 0ஏ இரண்டும் இருந்தன. லினக்ஸ் எஃப்டிபி தன் வழக்கப்படி 0ஏவுக்கு முன் இன்னொரு 0டி சேர்த்து அனுப்பியது. மெயின்ஃப்ரேம் ஒரு ஜோடியைக் கழற்றிப் போட்டது. பழைய 0டி ரெகார்டுக்குள்ளேயே தங்கிவிட்டது. அனுப்பும் முன், அந்த 0டியை எடுத்துவிடும் டாஸ்2யூனிக்ஸ் நிரலை ஓட்டிவிடுங்கள்.

கடையம் வாசகர்: | வைத்துப் பிரித்த ஃபைல், மறுமுனையில் எல்லா இடத்திலும் ! ஆகிவிட்டது.

எப்சிடிக்கில் ஒன்றல்ல, பல அட்டவணை. 037 என்ற அட்டவணையில் 4எஃப் என்றால் |. 500இல் அதே 4எஃப் என்றால் !. இரண்டு முனையிலும் எந்த அட்டவணை என்று கேட்டு ஒன்றாக்குங்கள். சதுர அடைப்புக்குறியும் இப்படித்தான் அட்டவணைக்கு அட்டவணை இடம் மாறும்.

வள்ளியூர் வாசகர்: பெரிய ஃபைல் ஏற்றும்போது பாதியில் பி37 என்று நிற்கிறது.

இடம் போதவில்லை. ஏற்றும் முன் ‘சைட்’ கட்டளையில் சிலிண்டர் (வட்டில் இடத்தை அளக்கும் அலகு) கணக்கில் முதல் இடமும் அடுத்தடுத்த இடமும் தாராளமாகக் கேளுங்கள். விண்டோஸ் எஃப்டிபியில் ‘கோட் சைட்’ என்று அடிக்க வேண்டும். பாதியில் நின்ற பழைய ஃபைலை அழித்துவிட்டு ஏற்றுங்கள். இல்லையென்றால் மெயின்ஃப்ரேம் அந்தச் சின்ன இடத்துக்குள்ளேயே திரும்பத் திணிக்கப் பார்க்கும்.

வீரவநல்லூர் வாசகர்: அண்ணாச்சி, ராத்திரி ஷிஃப்ட்டில் தனியாக இருக்கிறேன். ஃபைல் ஏற்றினால் ஒவ்வொரு தடவையும் ‘ட்ரான்ஸ்03’ என்று ஒரு பிழை வருகிறது. ஐந்து முறை ஏற்றிவிட்டேன்.

தம்பி, ட்ரான்ஸ்03 என்றால் ஏற்றி முடித்தாயிற்று என்று அர்த்தம். பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதியும் இருக்கும். 04 என்று வந்தால் மட்டும் நிமிர்ந்து உட்காருங்கள்: அப்போதும் ஏறியிருக்கும், ஆனால் உங்கள் வரி ரெகார்டு நீளத்துக்கு மேல் போனதால் துண்டு துண்டாக வெட்டி ஏற்றியிருக்கும். 03க்கு ஒன்றும் செய்ய வேண்டாம். ஃபைல் முதல் தடவையே போய்ச் சேர்ந்துவிட்டது, ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.